பச்சை இஞ்சியா, சுக்குப் பொடியா, பாக்கெட் கலவையா: காரமான டீக்கு எது சரி?

இஞ்சி டீ காரமாக வேண்டுமென்றால் மூன்று வழி இருக்கிறது. பச்சை இஞ்சியைத் தட்டிப் போடலாம். சுக்கோடு மசாலா சேர்த்து இடித்த பொடியைப் போடலாம். இல்லையென்றால் டீத்தூளும் மசாலாவும் கலந்தே வரும் பாக்கெட்டை வாங்கலாம். மூன்றிலும் காரம் உண்டு, ஆனால் ஒரே காரம் இல்லை.

பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளிலிருந்து வருகிறது. இஞ்சி காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறிவிடும். ஷோகாலுக்குக் காரம் அதிகம். சுக்குப் போட்ட டீ குடித்து முடித்த பிறகும் தொண்டையில் சூடு நிற்பது அதனால்தான். ஆனால் காயும்போது ஒரு இழப்பும் உண்டு: பச்சை இஞ்சியைத் தட்டியதும் மூக்கில் ஏறுகிற அந்த எலுமிச்சை சாயல் வாசனை சுக்கில் பெரும்பாலும் போய்விடுகிறது. வாசனைக்குப் பச்சை இஞ்சி, காரத்துக்குச் சுக்கு என்று பிரித்துப் பார்ப்பது சரியாக இருக்கும்.

பச்சை இஞ்சியில் பலரும் மாட்டிக்கொள்வது பால் திரிவதில். இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. 60-70 டிகிரி சூட்டில் அது மும்முரமாக வேலை செய்யும். பால் சூடாகிக்கொண்டிருக்கும்போதே தட்டிய இஞ்சியைப் போட்டால் அந்தச் சூட்டில் நொதி பாலைத் திரித்துவிடும். முதலில் தண்ணீரில் இஞ்சியைப் போட்டு ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும், அப்புறம் பாலை ஊற்றலாம். துருவுவதைவிடத் தட்டிப் போடுவதே நல்லது. துருவினால் சாறு சீக்கிரம் இறங்கும், ஆனால் டீ கலங்கலாகிவிடும்.

பொடியில் முழுக் கட்டுப்பாடும் நம் கையில். சுக்கு நான்கு பங்கு, ஏலக்காய் இரண்டு, மிளகு ஒன்று, பட்டை ஒன்று, கிராம்பு அரைப் பங்கு. கிராம்பைக் கூட்டினால் மற்ற எல்லாவற்றையும் அதுவே அமுக்கிவிடும். சுக்கின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு ரவை பதத்துக்கு இடிக்க வேண்டும். மாவாக அரைத்தால் வடிகட்டியில் நிற்காது, கடைசி மடக்கு நறநறவென்று இருக்கும்.

பாக்கெட் கலவையின் சிக்கல் அதன் தரத்தில் இல்லை, நேரத்தில். சுக்கும் பட்டையும் சாரத்தை விட எட்டு நிமிடமாவது கொதிக்க வேண்டும். உருண்டை உருண்டையாக இருக்கும் சிடிசி தேயிலைக்கு மூன்று நிமிடம் போதும். அதைத் தாண்டினால் துவர்ப்பு ஏறும். இரண்டும் ஒரே பாக்கெட்டில் இருந்தால் காரம் குறைவான டீ, இல்லையென்றால் கசக்கிற டீ, இதில் ஒன்றுதான் கிடைக்கும். போதாததற்கு, கனமான டீத்தூளும் நைசான மசாலாவும் டப்பாவுக்குள் தனித்தனியாகப் பிரிந்துகொள்ளும். மேலே எடுத்தால் ஒரு ருசி, அடியில் எடுத்தால் வேறு ருசி. பயணத்துக்குக் கையில் எடுத்துப்போக வசதி, அவ்வளவுதான் அதற்கு நான் கொடுக்கும் மதிப்பு.

என் தேர்வு, பச்சை இஞ்சியும் பொடியும் சேர்ந்தது. டீத்தூள் மட்டும் எப்போதும் தனி டப்பாவில். இரண்டு பேருக்கு 300 மில்லி தண்ணீர், கட்டைவிரல் நீள இஞ்சி, கால் டீஸ்பூன் பொடி. மிதமான தீயில் எட்டு நிமிடம் கொதிக்கட்டும். அதன் பிறகு இரண்டு டீஸ்பூன் டீத்தூள், இரண்டு நிமிடம். கடைசியில் 150 மில்லி பால், ஒரு பொங்கு பொங்கியதும் இறக்கிவிடலாம். பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் டிகாக்‌ஷன் கொஞ்சம் கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை. ஏலக்காய் வாசனை தூக்கலாக வேண்டுமென்றால் ஒரு காயைத் தட்டி, இறக்குவதற்குச் சற்று முன்பு போடுங்கள். அதன் எண்ணெய் ஆவியோடு பறந்துவிடக்கூடியது, நெடுநேரக் கொதி தாங்காது.

பால் இல்லாமல் குடிப்பவர்கள் மிளகைப் பாதியாக்கிவிடுங்கள். டீத்தூளுக்குப் பதில் முழு இலைத் தேயிலை எடுத்து, அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடி வைத்தால் போதும்.