நெறிமுறை விடைகளைத் திருத்தும் இணையச் சேவை: ஒரு பருவம் பயன்படுத்திய ஆசிரியரின் மதிப்பீடு

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இளங்கலை வணிகவியல் மாணவர்களுக்குத் தொழில் நெறிமுறைப் பாடம் நடத்துகிறேன். நிறுவனத்தில் எழும் அறச்சிக்கல் ஒன்றைக் கொடுத்து, மாணவர் அதை எப்படி ஆராய்கிறார் என்று பார்த்து மதிப்பெண் இடுவதுதான் இந்தப் பாடத்தில் மிகக் கடினமான வேலை. கணக்குப் பதிவியலில் இருபுறக் கூட்டுத்தொகையும் ஒத்துவராவிட்டால் எங்கோ பிழை இருப்பது தெரிந்துவிடும். இங்கே அப்படிச் சரிபார்க்க ஒரு தொகை கிடையாது. அதனால், இத்தகைய விடைகளைக் கணினியே திருத்தித் தரும் சேவை ஒன்றுக்கு எங்கள் துறை சென்ற பருவத்தில் சந்தா கட்டியபோது நான் மிகுந்த எதிர்பார்ப்போடு இருந்தேன்.

விடைத்தாளை ஸ்கேன் செய்து ஏற்றினால் ஐந்து தலைப்புகளில், தலைப்புக்கு நான்கு வீதம், இருபதுக்கு மதிப்பெண் வருகிறது. அமெரிக்கக் கல்லூரிகள் மற்றும் பல்கலைக்கழகங்களின் சங்கம் 2009-இல் வெளியிட்ட அறச்சிந்தனை மதிப்பீட்டு அட்டவணையைத் தழுவியது இது: தன் விழுமியங்களை அறிந்திருத்தல், அறக்கோட்பாடுகளைப் புரிந்துகொள்ளுதல், சிக்கலை இனங்காணுதல், கோட்பாட்டைப் பொருத்துதல், மாற்றுக் கருத்துகளைச் சீர்தூக்குதல். அட்டவணை நல்லதுதான், என் குறை அதன்மேல் இல்லை.

முதல் தேர்வுக்குச் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு மோசடியைக் கொடுத்தேன். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். பெரும்பாலான மாணவர்கள் அவர் ஒருவரையே குற்றவாளியாக்கிவிட்டு எழுந்துவிடுவார்கள். வங்கி இருப்பைத் தணிக்கையாளர்கள் எப்படிச் சரிபார்த்தார்கள், அதற்கு முந்தைய மாதம்தான் ராஜு குடும்பத்தாரின் மேட்டாஸ் நிறுவனங்களை வாங்கும் திட்டத்துக்குத் நிறுவனத்தைச் சாராத தனி இயக்குநர்களும் இருந்த இயக்குநர் குழு எப்படி ஒப்புதல் தந்தது என்று கேட்பவர்கள் சிலரே. அந்தச் சிலரை இந்தச் சேவை சரியாகவே அடையாளம் கண்டது. எல்லோரும் அறிந்த, நிறைய எழுதப்பட்ட வழக்கு என்றால் இதை நம்பலாம்.

இரண்டாம் தேர்வில்தான் அது தடுமாறியது. நம் பக்கத்துப் பீடித் தொழிலை வைத்து நானே ஒரு வழக்கை எழுதினேன். வீட்டில் இருந்து பீடி சுற்றும் பெண்கள் கொண்டுவரும் கட்டுகளில் சிலவற்றை ஏஜெண்ட் நாள்தோறும் கழிவு என்று ஒதுக்குகிறார்; அவற்றுக்குக் கூலியும் இல்லை, பீடியும் திரும்பி வருவதில்லை. கூலி கொடுத்த எண்ணிக்கையைவிடக் கிடங்குக்கு வந்த எண்ணிக்கை கூடுதலாக இருப்பதைக் கம்பெனியின் கணக்கர் கவனிக்கிறார். அவர் என்ன செய்ய வேண்டும்?

முக்கூடல் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தார்: கழித்த பீடியை அந்த இடத்திலேயே உடைத்துப் போட்டால் அது தரம் பார்ப்பது, உடைக்காமல் எடுத்து வைத்தால் அது கூலியைப் பிடித்துக்கொள்வது, ஆகவே கணக்கர் முதலில் கேட்க வேண்டியது கழித்த பீடி எங்கே என்பதுதான். அந்தப் பெண்களிடம் புகார் எழுதிக் கையெழுத்து வாங்கக் கூடாது, வாங்கினால் மறுநாளே பீடி சுற்ற அவர்களுக்குத் தரும் இலையும் தூளும் நின்றுவிடும், கிடங்குப் பதிவேட்டை வைத்தே மேலிடத்தில் பேச வேண்டும் என்றும் தொடர்ந்திருந்தார். இந்த விடைக்குச் சேவை கொடுத்தது 9. பயன்பாட்டுவாதம், கான்டின் கடமைக் கோட்பாடு, நற்பண்பு அறம் என்ற அறக்கோட்பாடுகள் மூன்றையும் பத்தி பத்தியாக விளக்கி, ‘நிர்வாகம் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று முடித்த மற்றொரு விடைக்கு 17.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. அறச்செயலுக்கு நான்கு கூறுகள் உண்டு என்றார் உளவியலாளர் ஜேம்ஸ் ரெஸ்ட்: சிக்கலை உணர்தல், எது சரி என்று தீர்மானித்தல், அதற்கு முதலிடம் தருதல், அதைச் செய்து முடிக்கும் உறுதி. அந்த மாணவி கோட்பாட்டின் பெயரைச் சொல்லவில்லை என்பது உண்மை. அதற்கு மதிப்பெண் குறைவதும் நியாயம். ஆனால், எது சரி என்று தீர்மானித்ததோடு நிற்காமல், முறையிடுபவருக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்து வழி சொன்னவர் வகுப்பிலேயே அவர் ஒருவர்தான். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தும் அந்தக் கடிதம் பெயரோடு பல கைகளுக்குப் போனதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடத்தை உள்வாங்கியவர் எழுதிய விடை அது. கலைச்சொற்களை எண்ணுகிற கருவிக்கு அது பிடிபடவில்லை.

தமிழ் விடைகளில் நிலைமை இன்னும் மோசம். தேர்வை உள்ளூர் மொழியில் எழுத அனுமதிக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலிலேயே கேட்டுக்கொண்டது. எங்கள் மாணவர்களில் பலர் தமிழில்தான் தெளிவாக எழுதுகிறார்கள். அவர்களுடைய கையெழுத்தைக் கருவி பாதிதான் படிக்கிறது. படிக்க முடியாத வரிகளை எழுதப்படாத வரிகளாகவே கொள்கிறது. இந்தக் குறையை உதவி மையத்துக்கு இரண்டு முறை எழுதினேன். தட்டச்சு செய்து ஏற்றுங்கள் என்பதே பதில்.

ஆனாலும் இந்தச் சேவையில் ஒரு வசதியை மனமாரப் பாராட்டுகிறேன். மாணவர் பெயரையும் மற்றவர் இட்ட மதிப்பெண்ணையும் மறைத்து, ஒரே விடையை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தலாம். முடிந்தபின் இருவரும் எங்கே வேறுபட்டார்கள் என்று தலைப்புவாரியாகக் காட்டுகிறது. நானும் என் சக ஆசிரியரும் முதல் சுற்றில் ஒத்துப்போனது பாதிக்கும் குறைவான விடைகளில்தான். ‘சிக்கலை இனங்காணுதல்’ என்ற தலைப்புக்கு அவர் சட்டமீறலைச் சுட்டினால் போதும் என்று கொண்டிருந்தார். 1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் குறிப்பிட்ட விடைக்கெல்லாம் முழு மதிப்பெண் இட்டிருந்தார். பாதிக்கப்படுவோர் யார் என்று சொன்னால்தான் நான் முழுமையாகக் கொடுத்தேன். இத்தனை ஆண்டுகள் ஒரே அறையில் இருந்து திருத்தியும் இது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு மாலை முழுவதும் பத்து விடைகளை நடுவில் வைத்துப் பேசி, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு மாதிரி விடையைக் குறித்துவைத்த பிறகு, அடுத்த சுற்றில் வேறுபாடு வெகுவாகக் குறைந்தது.

வாங்க நினைப்பவர்கள் தங்கள் ஊர் வழக்கு ஒன்றையும் கையெழுத்தில் உள்ள தமிழ் விடைகள் சிலவற்றையும் இலவசச் சோதனைக் காலத்திலேயே ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். நாங்கள் சந்தாவைப் புதுப்பிக்கிறோம். ஆனால் இரட்டைத் திருத்தப் பகுதிக்கு மட்டும். தானியங்கி மதிப்பெண்ணை நிறுத்திவிட்டோம். அந்த மாணவியின் தாளை இருவரும் மறுபடி தனித்தனியே திருத்தினோம்: சக ஆசிரியர் 15, நான் 16.