வீட்டு சர்வரை இணையத்துக்குத் திறக்க: போர்ட் ஃபார்வர்டிங்கா, கிளவுட்ஃப்ளேர் டனலா, வாடகை வி.பி.எஸ்ஸா?

முதலில் ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் வான் ஐ.பி. (இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தந்த முகவரி) என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால் நீங்கள் சி.ஜி.நாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது, இணைய நிறுவனத்தின் ஒரே பொது முகவரியை உங்களோடு இன்னும் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. இந்த முகவரித் தொகுதி 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 10-இல் தொடங்கினாலும் கதை அதேதான். அப்புறம் ரவுட்டரில் எத்தனை போர்ட் (இணைப்புகள் உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. இதைப் பார்க்காமலே பலர் வாரக்கணக்கில் ரவுட்டரோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

பொது ஐ.பி. கிடைத்தால் போர்ட் ஃபார்வர்டிங்தான் நேர்வழி. இணையதளங்களுக்கான 80, 443 போர்ட்கள் இரண்டையும் உங்கள் சர்வரான ராஸ்பெர்ரி பை மாதிரி சின்னக் கணினியின் பக்கம் திருப்பிவிட வேண்டும். முகவரி அடிக்கடி மாறினால் புது முகவரியை உங்கள் தளப் பெயரோடு இணைப்பதை டக் டி.என்.எஸ். சேவை பார்த்துக்கொள்ளும். கேடி என்ற வெப் சர்வர் மென்பொருளை வைத்தால், என்கிரிப்ஷனுக்குத் தேவையான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைத் தானே வாங்கித் தானே புதுப்பிக்கும். இடையில் வேறு நிறுவனம் யாரும் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் வீட்டு ஐ.பி. ஊருக்கே தெரிந்துவிடும். சர்வரின் லாகை (வருகைப் பதிவை) திறந்து பார்த்தால், வேர்ட்பிரஸ்ஸே இல்லாத சர்வரில் வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தேடும் பாட்கள் வரிசைகட்டி நிற்கும். அப்டேட் போடச் சோம்பல்படுபவர்களுக்கு இந்த வழி வேண்டாம்.

சி.ஜி.நாட்டுக்காரர்களுக்கு எளிது கிளவுட்ஃப்ளேர் டனல். வீட்டுக் கணினியே வெளியே போய் இணைப்பைப் பிடித்துக்கொள்வதால் எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம். சொந்த டொமைன் இருந்தால் போதும், சேவை இலவசம். வலைப்பதிவு, சின்ன இணையதளம் என்றால் நானும் இதையே சொல்வேன். குடும்பப் படங்கள் என்றால் தயங்குவேன். பார்வையாளரின் என்கிரிப்ஷன் கிளவுட்ஃப்ளேரின் சர்வரிலேயே அவிழ்கிறது, அதாவது உள்ளே போவதை எல்லாம் அவர்களால் பார்க்க முடியும். இன்னொன்று, இலவசத் திட்டத்தில் ஒரு கோரிக்கைக்கு 100 எம்.பி.தான் வரம்பு. வீட்டு சர்வரில் படங்களைச் சேமிக்கும் இம்மிச் செயலியில் பெரிய கல்யாண வீடியோவை ஏற்றிப் பாருங்கள், ‘அளவு மிகப் பெரியது’ என்னும் 413 பிழைதான் மிஞ்சும்.

படங்களுக்கு நான் கைகாட்டுவது வி.பி.எஸ். வழி. மிகச் சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருளால் டனல் போட வேண்டும். வி.பி.எஸ்ஸில் 443-க்கு வருவதை எச்.ஏ.பிராக்ஸி என்ற மென்பொருள் என்கிரிப்ஷனைப் பிரிக்காமல் அப்படியே வீட்டுக்குத் தள்ளிவிடும். சான்றிதழின் சாவி வீட்டிலேயே இருக்கும். வயர்கார்டில் கீப்அலைவை (இணைப்பை உயிரோடு வைக்க அவ்வப்போது போகும் சின்னச் செய்தி) 25 வினாடி என்று வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பேச்சில்லாத நேரத்தில் நாட் (முகவரிகளை மாற்றி அனுப்பும் அமைப்பு) அந்த இணைப்பை மறந்துவிடும், அப்புறம் வெளியிலிருந்து சர்வர் எட்டாது. வருகிறவரின் உண்மையான ஐ.பி.யை வீட்டு சர்வருக்குச் சொல்லும் பிராக்ஸி புரோட்டோகாலையும் இயக்குங்கள். இயக்காவிட்டால் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ஐ.பி.யிலிருந்து வருவதாகத்தான் லாகில் தெரியும். மாத வாடகை உண்டு, எல்லாப் போக்குவரத்தும் சுற்றித்தான் வரும். அதனால் மும்பை, பெங்களூர் மாதிரி பக்கத்து டேட்டா சென்டராகப் பாருங்கள்.

ஐ.பி.வி6 (ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரும் புதிய முறை) இருந்தால் சி.ஜி.நாட் தொல்லையே இல்லை. ஆனால் பழைய ஐ.பி.வி4 மட்டும் உள்ள அலுவலக நெட்டிலிருந்து யாரும் உங்கள் சர்வரைத் தொட முடியாது.

படங்களைப் பார்க்கப்போவது அண்ணன், அக்கா குடும்பங்கள் மட்டும்தானா? சரி, அப்படியானால் பொதுவெளிக்கே போக வேண்டாம். அவர்கள் போனில் டெயில்ஸ்கேல் என்ற தனிப்பட்ட வலையமைப்புச் செயலியைப் போட்டு, சர்வரை அவர்களோடு மட்டும் பகிர்ந்துவிடுங்கள்.