கல்யாண டிவிடியை ‘ஃபுல் எச்டி’ ஆக்கித் தருகிறோம் என்ற கடையில் பட்டது

அக்கா கல்யாணம் 2008-இல் நடந்தது. வீடியோக்காரர் மூன்று டிவிடி கொடுத்தார். ஒன்று வரவேற்பு, ஒன்று முகூர்த்தம், ஒன்று மறுவீடு. ஆல்பத்தோடு சேர்ந்து அவை பாட்டுக்கு பீரோவில் கிடந்தன. 2015-இல் அப்பா தவறிப்போனார். அவர் நடப்பதும் சிரிப்பதும் சமையல்காரரைத் திட்டுவதும் அந்த மூன்று டிஸ்க்கில்தான் இருக்கின்றன, வேறெங்கும் இல்லை. இப்போது வீட்டில் டிவிடி பிளேயரும் கிடையாது, லேப்டாப்பில் டிரைவும் கிடையாது. அக்கா மகளுக்குத் தாத்தாவைக் காட்ட வேண்டும் என்று கடை தேடினேன்.

மதுரையில் ஒரு கடை. ‘பழைய கேசட், சிடி, டிவிடி – ஃபுல் எச்டி தரத்தில்’ என்று பலகை. சும்மா மாற்றினால் டிஸ்க்குக்கு 200, எச்டி என்றால் 500. “எச்டியே போட்டுருங்கண்ணே, டிவி பெருசு” என்று நானே வாயைக் கொடுத்தேன். 1,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை.

நான்கு நாள் கழித்துப் பென் டிரைவ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு டிவியில் எல்லோரும் உட்கார்ந்து போட்டோம். முதலில் கண்ணில் பட்டது, எல்லோரும் குண்டாக இருந்ததுதான். அப்பா ஒல்லி மனிதர், பெல்ட் போடாமல் வேட்டி இடுப்பில் நிற்காது. டிவியில் வந்தவரோ பண்ணையார் மாதிரி இருந்தார். “மாப்ள, படத்தைப் புடிச்சு இழுத்துட்டான்” என்றார் அத்தான். அவர் சொன்னது சரி. அந்தக் காலத்துச் சதுர டிவிக்கு எடுத்த 4:3 படத்தை, இரண்டு பக்கமும் கறுப்பு விடாமல் அகலத் திரைக்கு நிரப்பியிருந்தார்கள்.

அப்புறம் கோடுகள். யாராவது கையை ஆட்டினால் போதும், விரலின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிளந்து நின்றது. ஆரத்தித் தட்டு சுற்றும்போது அக்கா முகமே வரிவரியாகத் தெரிந்தது. மேல் மூலையில் காசு கட்டாத ஏதோ சாஃப்ட்வேரின் பெயர் வேறு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். முகூர்த்த ஃபைலில் ஐயர் மாங்கல்யத் தட்டை எடுத்துப் பெரியவர்களிடம் ஆசி வாங்க அனுப்புகிறார், தட்டு இரண்டாவது வரிசைக்குப் போகிறது, படம் முடிந்துவிட்டது. தாலியும் இல்லை, கெட்டிமேளமும் இல்லை. மொத்தம் 27 நிமிடம். வரவேற்பு ஃபைலும் 27 நிமிடம்தான். அதை ஓட்டி ஓட்டிப் பார்த்ததால் யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். “டிஸ்க்ல அவ்வளவுதான் சார் இருந்துச்சு.” டிஸ்க்கைக் கொடுங்கள் என்றேன். “அதான் பென் டிரைவ் குடுத்தாச்சே” என்றார். விடாமல் நின்றதும் உள்ளே போய் ஒரு சாக்கைக் கொட்டினார். கவர்கூட இல்லாமல் நூறு வீட்டுக் கல்யாணம் அதில் உரசிக்கொண்டு கிடந்தது. தேடி எடுத்ததில் முதல் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. மறுவீடு டிஸ்க்கின் பின்பக்கம் விளிம்பு வரை நீளமாக ஒரு கீறல். திரும்பவும் மாற்றித் தர டிஸ்க்குக்கு 200 கேட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கேட்காதது போல் இருந்துவிட்டார்.

வீட்டில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கி நானே போட்டுப் பார்த்த பிறகுதான் அவர்கள் செய்தது விளங்கியது. டிவிடியில் படம் ஒரே ஃபைலாக இருக்காது. வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் விஓபி ஃபைல்களாக, ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபியாக, துண்டு துண்டாக இருக்கும். முகூர்த்த டிஸ்க்கில் நான்கு முழுத் துண்டும் ஐந்தாவதாக ஒரு சின்னத் துண்டும் இருந்தன. கடைக்காரர் முதல் துண்டை மட்டும் இழுத்துப் போட்டு மாற்றிவிட்டுக் கடையைச் சாத்தியிருக்கிறார். தாலி இரண்டாம் துண்டில் இருந்தது.

எச்டி என்பதும் அப்படித்தான். நம் ஊர் டிவிடியில் படம் 720-க்கு 576 புள்ளி. அதை 1920-க்கு 1080 என்று இழுத்தால் புள்ளிதான் பெருக்குமே தவிர, கேமரா அன்றைக்குப் பார்க்காத எதுவும் புதிதாக வந்துவிடாது. இரண்டு மணி நேரத்தை 4.7 ஜிபியில் அடைத்த டிஸ்க்கில் ஒரு விநாடிப் படத்துக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் தகவல் இருக்கும். கடைக்காரர் கொடுத்த ‘எச்டி’ ஃபைலில் விநாடிக்கு ஒரு மெகாபிட். பெரிய படம், அதற்குள் ஐந்தில் ஒரு பங்கு சரக்கு. பட்டுச்சேலைக் கரை கட்டம் கட்டமாக உடைந்ததற்கு இதுதான் காரணம். அந்தச் சீப்புப் பல்லுக்குக் காரணம் வேறு. பழைய வீடியோ ஒற்றைப்படை வரிகளை முதலிலும் இரட்டைப்படை வரிகளை அடுத்த நொடித்துளியிலும் எடுக்கும், அதைச் சரிசெய்யாமல் அப்படியே ஒட்டினால் ஆடும் கை இரண்டாகப் பிளக்கும்.

நான் செய்தது இவ்வளவுதான். ஃபோல்டரை முழுசாகக் கம்ப்யூட்டரில் காப்பி செய்துகொண்டேன், அந்த மூலக் காப்பி இன்னும் அப்படியே இருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் விஓபி ஒன்றைத் திறக்காமல் அந்த ஃபோல்டரையே திறந்தால், துண்டுகளைச் சேர்த்து ஒரே படமாகக் காட்டுகிறது. அளவை மாற்றாமல் 576-இலேயே விட்டு, கோடு நீக்கும் டீகோம்ப் வடிகட்டியைப் போட்டு, தர எண்ணை 20-இல் வைத்தேன். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். முகூர்த்தம் முழுதும் ஒன்றரை ஜிபிக்குள் அடங்கியது. அப்பா மறுபடி ஒல்லியாகிவிட்டார்.

ஹேண்ட்பிரேக்கை அதன் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள், தேடலில் மேலே வருகிற விளம்பரத்தைத் தொடவேண்டாம். 2017 மே மாதம் அதன் இறக்கச் சர்வர் ஒன்றிலேயே எவனோ புகுந்து, மேக் பதிப்பில் வைரஸை வைத்த கதை உண்டு. கடையில் வாங்கிய சினிமா டிவிடிகளில் பெரும்பாலும் பூட்டு இருக்கும், அதை ஹேண்ட்பிரேக் தானாகத் திறக்காது. கல்யாண டிவிடிக்கு அந்தத் தொல்லை இல்லை.

கடையில்தான் கொடுக்க வேண்டும் என்றால், கொடுக்கும்போதே ஒவ்வொரு டிஸ்க்கும் எத்தனை நிமிடம் என்று அவர்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்து, ரசீதில் எழுதி வாங்குங்கள். டிஸ்க் திரும்ப வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நானும் புகார் பதிந்திருக்கிறேன், கையில் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட் ஒன்றுதான்.

மறுவீடு டிஸ்க் இன்னும் முழுதாக ஓடவில்லை. மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிவிளிம்புக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் மோசமாகும் என்பார்கள். வேறு டிரைவிலும் போட்டுப் பார்த்துவிட்டேன். கடைசி ஆறு நிமிடம் வரவில்லை. அதில் என்ன இருந்தது என்று அம்மாவுக்கும் நினைவில்லை.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். பலகையில் ‘ஃபுல் எச்டி’யை அழித்துவிட்டு ‘4கே’ என்று எழுதியிருக்கிறார்கள்.