சேவ் ஃபைலை அழித்தால் என்ன மிஞ்சும்? பல வருட ரோக்லைக் அனுபவம்

ரோக்லைக் கேம்களை, அதாவது செத்தால் முதலிலிருந்து தொடங்க வைக்கும், 'ரோக்' என்ற பழைய கேமின் வழிவந்த வீடியோ கேம்களைப் பல வருடங்களாக ஆடிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பெயரை இன்று எதற்கெல்லாம் ஒட்டுகிறார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். சீட்டு வைத்து ஆடும் பாலட்ரோவும் ரோக்லைக், அரக்கர்களை வெட்டித் தள்ளும் ஹேடிஸும் ரோக்லைக், விண்கலம் ஓட்டும் எஃப்டிஎல்லும் ரோக்லைக்.

மூலம் 1980-ல் வந்த ரோக். யூனிக்ஸ் கணினித் திரையில் எழுத்துகளையும் குறிகளையும் வைத்தே நிலவறையைக் காட்டிய கேம் அது. 2008-ல் பெர்லினில் கூடிய ஆர்வலர்கள் இந்த வகைக்கு ஓர் இலக்கணமே எழுதினார்கள்: முறை வைத்து ஆட வேண்டும், கட்டம் கட்டமாக நகர வேண்டும், செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இப்படிப் பல. வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் வெளியான ஸ்பெலங்கி முதல் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தாவிக் குதித்து ஓடியது. இன்றைய ரோக்லைக்குகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான்.

அப்படியானால் மிச்சம் இருப்பது எது? மரணம் நிரந்தரம், ஒவ்வொரு ரன்னும் (தொடங்கியதிலிருந்து சாகும்வரை அல்லது ஜெயிக்கும்வரை ஒரு ரன்) புதிது என்பார்கள். சரிதான், ஆனால் எனக்கு அது போதவில்லை. நான் வைத்திருக்கும் சோதனை வேறு. இதுவரை ஆடியதைக் கேம் சேமித்து வைத்திருக்கும் சேவ் ஃபைலை அழித்துவிட்டு ஆடினால் நான் எவ்வளவு பலவீனமாகிறேன்?

கார்டுகளைச் சேர்த்து அவற்றை வைத்துச் சண்டை போடும் ஸ்லே த ஸ்பயரில் கிட்டத்தட்ட ஒன்றுமே குறையாது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சில கார்டுகள் ஆரம்ப ரன்களில் திறக்கும், அதோடு சரி. அசென்ஷன் என்ற 20 படிகள் ஆட்டத்தைக் கடினமாக்குமே தவிர நம்மைப் பலசாலியாக்காது. எதிரி அடுத்து அடிக்கப் போகிறானா, எவ்வளவு என்பது அவன் தலைக்கு மேலேயே தெரியும். அதிர்ஷ்டம் நாம் முடிவெடுப்பதற்கு முன்னாலேயே தன் வேலையை முடித்துவிடுகிறது. வந்ததை வைத்துச் சமாளிப்பது நம் பாடு. சண்டை முடிந்ததும் மூன்று கார்டுகளை நீட்டுவார்கள். ஆரம்பத்தில் எடுக்கக் கை பரபரக்கும். நாள்பட ஆடினால்தான் எதையும் எடுக்காமல் நகர்வதும் ஒரு தேர்வு என்று பிடிபடும். டெக் (சேர்த்த கார்டுக் கட்டு) பெருத்தால் வேண்டிய கார்டு வேண்டிய நேரத்தில் கைக்கு வராது.

பழைய ரோக்லைக்குகளிலும் தலைக்குள் சேரும் அறிவுதான் சொத்து. 1987-ல் வந்த நெட்ஹேக்கில் மிதக்கும் கண் என்ற எதிரியை வெறுங்கையாலோ வாளாலோ அடித்தால் உறைந்துபோய் நிற்பீர்கள், வருகிறவன் போகிறவன் எல்லாம் அடித்துவிட்டுப் போவான். அதைச் செத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் யாராவது சொல்ல வேண்டும். நவீன ரோக்லைக் இந்த இடத்தில்தான் மாறியது. விதிகளைத் திரையிலேயே வைத்துவிட்டு, 'இப்போது யோசி' என்கிறது. இதில் பாலட்ரோ கொஞ்சம் அடாவடி. எத்தனை புள்ளி வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டாது. புள்ளியை ஏற்றும் ஜோக்கர் கார்டுகளின் வரிசையைப் பார்த்து நாமே மனக்கணக்குப் போட வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது, பலருக்கு எரிச்சல்.

2013-ல் வந்த ரோக் லெகசி இதற்கு நேர் எதிர். சாகும்வரை சேர்த்த தங்கத்தை வைத்து அடுத்த வாரிசைப் பலப்படுத்தலாம். ரோக்லைட், அதாவது பலம் அடுத்த ரன்னுக்கும் தொடரும் இளகிய ரோக்லைக், என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். ஜெயித்தபோது என் கை தேறியதால் ஜெயித்தேனா, எண்கள் ஏறியதால் ஜெயித்தேனா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஹேடிஸிலும் கேமுக்குள் இருக்கும் ஒரு கண்ணாடி வழியாக நிரந்தரப் பலம் ஏறுகிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு சாவும் கதையை நகர்த்துவதால் தோற்பது வலிக்காது. அப்புறம், ஒருமுறை தப்பித்த பிறகு ஹீட் என்ற கடின அளவு வந்து ஆட்டத்தைத் திரும்பக் கடுமையாக்குகிறது. அதனால் மன்னித்துவிட்டேன்.

நீண்ட நாள் ஆடியதில் தெரிந்த ஒரு குறை, ரன்னின் நீளம். ஸ்லே த ஸ்பயரில் ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்துக் கட்டிய டெக் கடைசி பாஸிடம் (பெரிய எதிரியிடம்) கவிழ்ந்தால், அன்று இன்னொரு ரன் தொடங்க மனசு வராது. ஸ்பெலங்கியில் இந்தத் தொல்லை இல்லை, ஐந்தே நிமிடத்தில் செத்துவிடலாம்.

வாம்பயர் சர்வைவர்ஸ் என் சோதனையில் படுதோல்வி. தங்கம் சேர்த்துப் பலத்தை வாங்கிக் குவித்தால் கேம் பாதி தன்னாலேயே நடக்கும். அதை நான் ரோக்லைக் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போனிலிருந்து நீக்கவும் மாட்டேன்.