டீக்கடையா, வீடா? முதல் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிக்கு எங்கே உட்காரலாம்

வாய்மொழி வரலாறு என்றால், வாழ்ந்தவர்கள் நினைவிலிருந்து சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்வது. அதற்காகச் சென்னையில் பின்னி துணி மில்லில் வேலை பார்த்த தாத்தா ஒருவரைப் பார்க்கப் புளியந்தோப்புக்குப் போனபோது கையில் இருபத்திரண்டு கேள்விகள் இருந்தன. எங்கே உட்காருவது என்று மட்டும் யோசிக்கவில்லை. கடைசியில் இரண்டு இடத்திலும் உட்கார்ந்தேன்.

டீக்கடையில் பேச்சைத் தொடங்கி வைக்கவே வேண்டாம். பழைய கூட்டாளி ஒருவர் பெஞ்சில் வந்து சேர்ந்தார். இவர் விட்டதை அவர் எடுத்துக் கொடுத்தார். ஆனால் நாலு பேர் முன்னால் யாரும் பயந்த கதையைச் சொல்வதில்லை, வீரக் கதைதான். 1921-இல் மில்லில் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தத்தைத் தாத்தா நேரில் பார்த்ததுபோலவே சொன்னார். அவர் பிறந்ததே அதற்கு இருபது வருஷம் கழித்து! பொய்யில்லை, அவருடைய அப்பா சொன்னது. ஆனால் எது பார்த்தது, எது கேட்டது என்று அந்தக் கூட்டத்தில் எப்படிக் குறுக்கே கேட்பது? போனில் பதிவானதில் பாதி ஆட்டோ ஹாரன்.

வீட்டில் குக்கர் விசில். ஃபேனை நிறுத்தச் சொல்ல மனசு வராமல், போனைத் தாத்தாவின் பக்கமாக நகர்த்தி வைத்தேன். இதை யார் கேட்பார்கள், பெயரை மாற்றட்டுமா என்று நிதானமாகக் கேட்க முடிந்தது இங்கேதான். டீக்கடையில் கேட்டபோது, "எல்லாம் போட்டுக்கோப்பா" என்று கையை வீசிவிட்டார். இங்கே யோசித்து, தம்பி சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

"மில்லு மூடுனது எம்.ஜி.ஆர். செத்த வருஷம்" என்றார். அடுப்படியிலிருந்து பாட்டி: "இல்ல, சின்னவ பத்தாவது எழுதுன வருஷம்."

எம்.ஜி.ஆர். இறந்தது 1987. மில் மூடியது 1996. இதை எழுதிவைத்துவிட்டு நகரப் பார்த்தேன். இத்தாலியில் ஆய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்ட்டெல்லி, டெர்னி நகரத் தொழிலாளர்களிடம் இதையே கண்டார்: 1949-இல் இறந்த சக தொழிலாளியின் சாவைப் பலர் 1953-இல் நடந்ததாக நினைவு வைத்திருந்தார்கள், ஆட்குறைப்பு நடந்த வருஷம் அது. தேதி தப்பினாலும் ஏன் அங்கே போய் ஒட்டிக்கொண்டது என்பதுதான் கேள்வி. வகுப்பில் படித்தது சட்டென்று நினைவுக்கு வர, திருத்தாமல் ஏன் அந்த வருஷம் என்று கேட்டேன். "எனக்கு அப்பவே எல்லாம் முடிஞ்ச மாதிரி" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

வீட்டிலும் தொல்லை உண்டு. மகன் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவுக்குப் பதில் தானே சொல்வார். கலர் குடித்தே ஆகவேண்டும். ஆனாலும் முதல் பேட்டிக்கு என் ஓட்டு வீட்டுக்குத்தான். டீக்கடை இரண்டாவது தடவைக்கு.

டீக்கடையோடு நின்றிருந்தால் பாட்டியின் குரலே பதிவாகியிருக்காது. அடுத்த வாரம் அவரோடு. "எனக்கு என்னா தெரியும் கண்ணு" என்றவர், மில் சங்கு ஊதினால் உலை வைத்த கணக்கை வாசல்வரை வந்து சொல்லிக்கொண்டிருந்தார். போனை அதற்குள் பைக்குள் போட்டுவிட்டேன்.