நாகர்கோவிலில் செப்டிக் டேங்க் லாரிக்குத் தவம்

ஐப்பசி மழை பிடித்த அன்றைக்கே எங்கள் வீட்டு செப்டிக் டேங்கும் நிறைந்துவிட்டது. கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை. "மழைன்னா இப்பிடித்தான் மக்கா, தெருவுல எல்லா வீட்லயும் இதே கததான்" என்றாள் அம்மா, கரண்ட் போனதைச் சொல்வதுபோல.

ஆசாரிப்பள்ளம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தெரு, நான் பத்தாவது படிக்கையில் வயல். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில்தான் டியூஷனுக்குப் போவோம். இப்போது வரிசையாக மாடி வீடுகள். எதிர்வீட்டுக்காரருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை, மாடியில் மெடிக்கல் காலேஜ் நர்ஸுகள், அடுத்தது கல்ஃப் பணத்தில் எழும்பியது. மண்ணடித்து வயலை உயர்த்தினார்கள், சரி. அடியில் ஊற்று அப்படியேதானே இருக்கிறது? இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில், டேங்க் தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழி எதை உறிஞ்சும்?

லாரிக்காரர் காலையில் வருகிறேன் என்றார். மதியம் ஆனது. "வடசேரில நிக்கேன் அண்ணாச்சி, இந்தா வந்துட்டேன்." சாயங்காலம் வந்தவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். கார் ஏற்றுவதற்கு ஆளாளுக்குச் சரிவு கட்டி, தெருவில் பாதியை விழுங்கியிருக்கிறார்கள். குழாயைத் துண்டு துண்டாக மாட்டி, மூட்டில் சைக்கிள் டியூபைச் சுற்றி இழுத்தார்கள். எதிர்வீட்டு மதிலோடு நின்றது. மீதித் துண்டு இன்னொரு வண்டியில் இருக்கிறதாம்! பக்கத்து வீட்டுப் பெரியவர், "ஒரு ஆள இறக்கி வாளியில..." என்று ஆரம்பித்தார். மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013 சட்டப்படி அது குற்றம் என்று கத்தியேவிட்டேன். லாரிக்காரரும், "நாங்க இறங்க மாட்டோம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேலிருந்த கோபம் பாதி போய்விட்டது.

ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் இப்போது நாங்கள் இருக்கும் டார்னீட்டும் புல்வெளியில் முளைத்த புறநகர்தான். வீடுகள் முளைத்து நிறைந்த பிறகு, 2015-இல்தான் ரயில் நிலையமே வந்தது. காலை ரயிலில் நிற்க இடம் கிடைக்காது. ஆனால் சாக்கடைக் குழாய் பதிக்காமல் அங்கே மனை கைக்கு வராது. இங்கே 2019-இல் நாகர்கோவில் மாநகராட்சி ஆனது, 2022-இல் சொத்து வரி ஏறியது, எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை மட்டும் வரவில்லை.

மீதித் துண்டும் வந்து சேர்ந்து, இருட்டிய பிறகு வேலை முடிந்தது. பணத்தை வாங்கிக்கொண்டவரிடம், இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் எடம் இருக்கு" என்று வண்டியை எடுத்துவிட்டார். இன்னும் மிஞ்சியிருக்கிற வயல்களை நினைத்தால் பகீர் என்கிறது.

ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் ஆவணியிலேயே கூப்பிட்டு வேலையை முடித்துவிடுங்கள். மழை தொடங்கிவிட்டால் போனையே எடுக்க மாட்டார்கள்.