ஹெமிங்வே எடிட்டர்: சிவப்பு மறைந்தால் வாக்கியம் சரியாகிவிட்டதா?

மாட்டுத்தாவணிப் பூ வியாபாரி துபாய்க்கு அனுப்பும் மெயிலானாலும் சரி, ஐகோர்ட் மதுரைக் கிளையில் தாக்கல் செய்யும் அஃபிடவிட்டானாலும் சரி, ஆங்கில வாக்கியம் நீளும்போது ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறது. அந்தச் சிக்கலுக்கு, ஆங்கில எழுத்தைச் சோதிக்கும் ஹெமிங்வே எடிட்டர் என்ற கருவி பாதி மருந்து. இணையத்தில் இலவசம். எழுதியதை ஒட்டினால், படிக்கச் சிரமமான வாக்கியம் மஞ்சளாகும், மிகவும் சிரமமானது சிவப்பாகும். ஆனால் அந்த நிறம் எழுத்தையும் சொல்லையும் எண்ணி வருவது. தனியே நிற்கக்கூடிய முதன்மை வாக்கியம் எது, அதைச் சார்ந்தே நிற்கும் சார்பு வாக்கியம் எது என்று அது பார்ப்பதில்லை.

இதை ஒட்டிப் பாருங்கள்: ‘தி ஃப்ளவர்ஸ், விச் வி சென்ட் பை தி மார்னிங் ஃப்ளைட் பிகாஸ் தி ஈவினிங் ஃப்ளைட் வாஸ் ஃபுல், வேர் ஸ்பாயில்ட் வென் தே ரீச்ட் துபாய் ஆல்தோ தே வேர் பேக்ட் இன் ஐஸ்.’ மொத்தம் 27 சொற்கள், நிறம் ஏறிவிடும். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. கோளாறு என்னவென்றால், ‘ஃப்ளவர்ஸ்’ என்ற எழுவாய்க்கும் ‘வேர் ஸ்பாயில்ட்’ என்ற வினைக்கும் நடுவில் 13 சொற்கள் புகுந்துவிட்டன.

தமிழில் யோசித்து எழுதுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘காலை ஃப்ளைட்டில் அனுப்பிய பூ கெட்டுப்போனது’ என்றால் ‘அனுப்பிய’ என்ற பெயரெச்சம் பூவுக்கு முன்னாலேயே வந்துவிடும். பூவும் கெட்டதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் பெயர் முதலில், ‘விச்’ பின்னால். அதே செய்தி ஆப்பு மாதிரி நடுவில் இறங்குகிறது.

திருத்தும் முறை இது. முதலில் விச், பிகாஸ், வென், ஆல்தோ, இஃப் போன்ற சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். ஒவ்வொன்றும் தொடங்கும் பகுதியை அடைப்புக்குள் போடுங்கள். வெளியே மிஞ்சுவது ‘தி ஃப்ளவர்ஸ் வேர் ஸ்பாயில்ட்’. அதுதான் முதன்மை வாக்கியம். நடுவில் கிடக்கும் ஆப்பைப் பிடுங்கித் தனி வாக்கியமாக்குங்கள்: ‘ஆல்தோ தி ஃப்ளவர்ஸ் வேர் பேக்ட் இன் ஐஸ், தே வேர் ஸ்பாயில்ட் வென் தே ரீச்ட் துபாய். வி ஹேட் சென்ட் தெம் பை தி மார்னிங் ஃப்ளைட் பிகாஸ் தி ஈவினிங் ஃப்ளைட் வாஸ் ஃபுல்.’ ஒவ்வொன்றிலும் 14 சொற்கள். ஆல்தோ முன்னால் வந்ததால் ஐஸுக்குப் பின் கமா. பின்னால் வரும் வென், பிகாஸுக்கு முன் கமா வேண்டாம். ‘வேர் பேக்ட்’ என்ற பாசிவை (செயப்பாட்டு வினையை) கருவி சுட்டிக்காட்டினால் கண்டுகொள்ள வேண்டாம். ஐஸில் வைத்தது யார் என்பது இங்கே முக்கியமில்லை.

இந்த வேலையைச் செய்யாமல் நிறத்தை மட்டும் துரத்தினால் பிகாஸுக்கு முன்னால் முற்றுப்புள்ளி விழும். ‘பிகாஸ் தி ஃப்ளைட் வாஸ் ஃபுல்.’ இதற்கு மஞ்சளும் வராது, சிவப்பும் வராது. ஆனால் ‘ஃப்ளைட் நிறைந்துவிட்டதால்.’ என்று எழுதிப் புள்ளி வைப்பதும் இதுவும் ஒன்றுதான்: எச்சம் நிற்கிறது, முற்று இல்லை. கருவியின் பெரிய குறை இதுதான் என்பேன். சிவப்பாக இருந்த நல்ல வாக்கியத்தை நிறமில்லாத உடைந்த வாக்கியமாக மாற்ற அது தூண்டுகிறது. ‘ஆல்தோ’ போட்ட பிறகு ‘பட்’ சேர்க்கும் பிழையும் இந்த நிறங்களில் சிக்காது.

அஃபிடவிட் எழுதுபவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. ‘தி ஷாப், விச் இஸ் நியர் புதுமண்டபம், இஸ் க்ளோஸ்ட்’ என்றால் கடை ஒன்றுதான், இடம் உபரித் தகவல். கமாவை எடுத்து ‘தட்’ போட்டால் பல கடைகளில் புதுமண்டபத்துப் பக்கம் உள்ளது மட்டும் என்றாகிவிடும். வழக்கே மாறும். சொல் எண்ணும் கருவி இதில் கைகொடுக்காது.

பணம் கட்டும் பதிப்பில் ஏஐ மாற்றி எழுதித் தரும். சார்பு வாக்கியத்தைப் பிரிக்கத் தெரியாதவர் அது தந்தது சரியா என்று எப்படிப் பார்ப்பார்? இலவசப் பதிப்பே போதும். கட்சிக்காரர் பெயர், சர்வே எண் உள்ள தாள்களை மட்டும் அப்படியே இணையத்தில் ஒட்ட வேண்டாம். ஒருமுறை பணம் கட்டி வாங்கும் கணினிப் பதிப்பு இணையம் இல்லாமலே ஓடும். வக்கீல் ஆபீசுக்கு அதுதான் சரி.